அரை லீற்றர்

ஒரு நாளைக்கு அரை லீற்றர்.
தேத்தண்ணி, சொதி, குளிசை விழுங்கும் மிடறு
எல்லாம் அதற்குள்தான்.

பாசையூர்க் கரையில் பதினெட்டு வருசம்
மீன் கூறியவன் நான்.
அறுநூறு, அறுநூற்றைம்பது, எழுநூறு ஒருதரம் என்று
கத்திக் கத்தித் தொண்டை காய்ந்தால்
ஒரு முழு இளநியைக் கவிழ்த்துக் குடித்தவன்.
இப்போது ஐஸ்கட்டி ஒன்றை நாக்கின் கீழ் வைத்து
அது கரையும் நேரத்தை
மணிக்கூட்டில் பார்க்கிறேன்.

செவ்வாய், வெள்ளி. பெரியாஸ்பத்திரி.
இரத்தம் ஒரு குழாயால் வெளியே போய்
இன்னொரு குழாயால் வீடு திரும்பும்.
மிசின் தன்பாட்டில் முனகும்.

செபக்குழுவிலிருந்து மூன்றுபேர் வந்தார்கள்,
தோடம்பழங்களோடு.
எனக்குத் தோடம்பழம் ஆகாது.
"நேசிக்கிறவனைத்தானே ஆண்டவர் சோதிப்பார்"
என்றா திரேசம்மா அக்கா.
"கொஞ்சம் குறைச்சு நேசிக்கச் சொல்லுங்கோ" என்றேன்.
ஜெசிந்தா என் காலை நுள்ளினாள்.
தொண்ணூற்றைந்தில்
தங்கச்சியைப் புதைத்த மண் காயமுன்னம்
நாவற்குழிப் பாலத்தால் நடந்தபோதும்
யாரோ அம்மாவுக்கு இதையேதான் சொன்னார்கள்.
அம்மா மறுமொழி சொல்லவில்லை.
எனக்கு வாய் கூட.

பெரிய வெள்ளியும் வெள்ளிதான்,
மிசினுக்கு லீவு இல்லை.
காலையில் பாதர் எமிலியாம்பிள்ளை வந்தார்.
தண்ணிப் போத்தலை வாசல் யன்னலில் வைத்துவிட்டு
உள்ளே வந்தார்.
ஒரு விளக்கம் கொண்டுவந்திருப்பார் என்று
நானும் ஆயத்தமாய்ப் படுத்திருந்தேன்.
கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார்,
அவ்வளவுதான்.
நான்கு மணித்தியாலம். ஒருக்கால் குறட்டையும் விட்டார்.
போத்தல் வெளியே வெயிலில் கிடந்தது.

அவர் எழும்பும்போது கேட்டேன்:
"ஏழு வார்த்தையில ஒண்டை
ஏன் பாதர் தண்ணிக்குச் செலவழிச்சவர்?"

"இருபத்தாறு வருசமா அதுக்குப் பிரசங்கம் வைக்கிறன்.
ஆன்மாக்கள் மேல தாகம் எண்டுதான் சொல்லுவன்.
இண்டைக்கு உன்ர உதட்டைப் பாத்தாப்பிறகு…"
செருப்பைத் தேடினார்.
"அது தண்ணிதான் போல."

முப்பது காசுக்கு அவரை விற்றார்கள் என்று
வாசிக்கக் கேட்கும் போதெல்லாம்
விலை குறைவு என்றுதான் என் தொழில்புத்தி சொல்லும்.
அன்றிரவு விலை ஞாபகம் வரவில்லை.
வெடித்த உதடு ஒன்றுதான் வந்தது,
என்னுடையதைப் போல, உப்புக் கரித்தபடி.
ஏன் எனக்கு என்ற கேள்வி
போன இடத்திலேயே நிற்கிறது, திரும்பவில்லை.
ஆனாலும் ஐஸ்கட்டி கரைந்து முடிந்த பிறகு
இருட்டில் தாகமாய்க் கிடந்தது
நான் ஒருவன் மட்டும் இல்லை.

உயிர்ப்பு ஞாயிறுக்கு அடுத்த செவ்வாய்.
மூன்றாம் கட்டிலுக்குப் புதிதாய் விநாசித்தம்பி,
தெல்லிப்பளை, பஸ் கொண்டக்ரர்.
கழுத்தில் குழாய்.
கையில் வெட்டி நரம்பு பொருத்த நாள் குறித்தாயிற்று,
பயத்தில் மூன்றுநாள் நித்திரை இல்லையாம்.
"உந்தக் கை நோகுமே?"

சட்டைக் கையை மடித்தேன்.
புடைத்து நெளிந்த நரம்பு,
வரிசையாய் ஊசித் தழும்பு.
"தொட்டுப் பாருங்கோ."

உயிர்த்த பிறகும் காயத்தை மூடாமல் வைத்திருந்து
நம்பாதவனுக்கு நீட்டிய ஒருவரைப் பற்றி
நான் அவருக்குச் சொல்லவில்லை.
அவருக்கு முருகன் இருக்கிறார்.

இரண்டு விரலை வைத்தார்.
வெடுக்கென்று எடுத்தார். திரும்ப வைத்தார்.
தோலுக்குக் கீழே அந்த இரைச்சல்,
இரவில் ஜெசிந்தா காது வைத்துக் கேட்பது,
தூரத்தில் கரைக்கு வரும் வள்ளம் மாதிரி.

"எஞ்சின் ஓடுது" என்றார்.
கொஞ்சநேரம் கையை எடுக்கவில்லை.
பிறகு, பழைய பழக்கத்தில்,
கட்டில் இரும்பில்
இரண்டு தரம் தட்டினார்.